தலைவர் சம்சாரம்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. வேறு எந்த உயர்ந்த இடத்திலும் பிறக்கவில்லை. ஒரு தொழிற்சங்கத்தின் மகளிர் பிரிவு ஆண்டு விழா மலர் போடுகிறதாம்; நான் ஒரு சிறுகதை தர வேண்டுமாம். கேட்டவர் அந்தப் பிரிவின் ஆலோசகர். மகளிர் பிரிவின் ஆலோசகர் ஓர் ஆண். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவரும் ஆண்தானாம். இத்தனை வருட ஆலோசனைக்குப் பிறகும் பெண்கள் தேறவில்லையா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"பழைய பினாங்கு கதையா இருந்தா நல்லா இருக்கும்க்கா. சங்கத்துல பெண்கள் தலைமைத்துவம், அந்த மாதிரி. ஆனா பாசிட்டிவ்வா முடிச்சிருங்க லா" என்றார்.

சரி என்றேன். எரிச்சலில் இருக்கும்போது எனக்கு எழுத்து நன்றாக ஓடும். அவர் அழைப்பைத் துண்டித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஜார்ஜ் டவுன் துறைமுகத்தின் மேல் செங்கதிர் எழுந்த அந்த விடியலில், ஒரு பெண்ணின் நெஞ்சிலும் ஒரு சூரியன்—"

[வேண்டாம். விழா மலர்க் கதைகளில் சூரியனுக்கு ஓய்வே கிடையாது. பாவம், அது வேறு வேலையும் பார்க்க வேண்டும்.]

இரண்டாவது: "நவமணி அஞ்சா நெஞ்சம் படைத்தவள். அவள் கண்களில்—"

[இதுவும் வேண்டாம். அவளை எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. அதற்குள் நெஞ்சுக்குச் சான்றிதழ் எதற்கு?]

மூன்றாவது: "நவமணி பாக்கு வெட்டினாள்."

இது இருக்கட்டும். சின்ன வாக்கியம், யாரையும் ஏமாற்றாது.

முப்பதுகளின் கடைசி. வெல்ட் கீ துறைமுகக் கரைப் பக்கம் ஒரு பாக்குக் கிட்டங்கி, சரக்குக் கிடங்கு. அதை நானே கட்டினேன், ஆதாரம் தேட வேண்டாம். பினாங் என்றால் மலாயில் பாக்கு; தீவின் பெயரே பாக்குதான். அதில் கூடுதலாக ஒரு கிட்டங்கி நின்றால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. பெண்கள் தரையில் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்து காய்ந்த பாக்கைப் பிளப்பார்கள், சொத்தையைப் பொறுக்கித் தள்ளுவார்கள். ஆண்கள் அதை மூட்டை கட்டிப் படகுக்குச் சுமப்பார்கள். எல்லாரையும் மேய்க்க ஒரு மண்டோர். நம் ஊரில் மேஸ்திரி என்பார்கள், இங்கே மண்டோர்; குணம் ஒன்றுதான்.

மாலையில் வேலை முடிந்து வெளியே போகும்போது வாசலில் சோதனை நடக்கும். ஆண்கள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம். பெண்கள் நிற்க வேண்டும். மண்டோர் அவர்கள் மடியைத் தடவிப் பார்ப்பான். பாக்கைத் திருடிக்கொண்டு போகிறார்களாம். மடியில் சுருக்குப்பை இருந்தது உண்மை. அதில் வெற்றிலையும் பாக்கும் இருந்ததும் உண்மை. வெற்றிலை போடாத பெண் அந்தக் கிட்டங்கியிலேயே கிடையாது. காலையில் உள்ளே போகும்போதும் அதே பை, அதே பாக்கு. இது மண்டோருக்கும் தெரியும். அவன் தேடியது பாக்கை என்று நினைக்கிற வாசகர் யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நவமணிக்கு அடுத்த சாக்கில் உட்கார்ந்து வெட்டுகிறவள் நூர்ஜான்.* புருஷன் இல்லாதவள். ஒரு மாலை அவள் மடிக்குள் மண்டோரின் கை போனது. சுருக்குப்பையை வெளியே எடுத்துப் போட்ட பிறகும் கை திரும்பி வந்து தேடியது. நவமணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள் முறை.

(*அந்தக் காலத்தில் முஸ்லிம் பெண் கிட்டங்கி வேலைக்கு வந்திருப்பாளா என்று ஒருவர் எனக்கு எழுதிக் கேட்பார். எப்போதும் கேட்பவர் அவர்தான். ஐயா, புருஷன் மவுத்தாகி, வீட்டில் அரிசியும் இல்லாதபோது அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.)

3

நவமணி தன் முறைக்கு வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, யாரும் முழங்கவில்லை. மண்டோர் கையை எடுக்கிறவரைக்கும் பாக்கு வெட்ட மாட்டோம் என்று நவமணி சொன்னதாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பிளந்த பாக்கு இல்லையென்றால் மூட்டை இல்லை, மூட்டை இல்லையென்றால் சுமையும் இல்லை. ஆண்கள் சும்மா நின்றார்கள். சும்மா நிற்பது அவர்களுக்குக் கௌரவமாகப் படவில்லை போலிருக்கிறது. சில நாள் கழித்து சங்கம் கூடி, வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்தது. ஏற்கெனவே நின்றுபோன வேலையை ஆவேசமாக நிறுத்திய வீரர்களை உலகத்தில் வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சங்கத்தின் தலைவர் பக்கிரிசாமி. மூட்டை தூக்குகிறவர்களில் நல்ல பலசாலி, நல்லவரும்கூட. நவமணியின் புருஷன். செயலாளர் சீனி முகம்மது, கிட்டங்கியில் எடை போட்டு எழுதுகிற கிராணி, அதாவது குமாஸ்தா. நாலு எழுத்து படித்தவர், அந்த நாலையும் எல்லாக் கூட்டத்திலும் செலவழிப்பார். அவருடைய அண்ணனின் சோற்றுக்கடை மாடியில்தான் சங்கம் கூடும். மனித குலமெல்லாம் சமம் என்று அவர் பேச ஆரம்பித்தால் கீழே பரோட்டா போடுகிறவர்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்திக் கேட்பாராம்.

அந்த மனித குலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா, ஒரு மெம்பர். மெம்பர் என்றால் வீட்டு ஆண். நூர்ஜான் வீட்டில் ஆண் இல்லை, ஆகவே அவள் வீட்டுக்கு மெம்பரும் இல்லை. இதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

கோரிக்கைகள் எழுதப்பட்டன. கூலி உயர்வு முதலில் வந்தது. பிறகு மழையில் சுமை தூக்குவது, சாப்பாட்டு நேரம், தலைவருக்கு நிர்வாகம் நாற்காலி கொடுத்துப் பேசுவது. கடைசியில், இடம் மிச்சமிருந்ததால், "பெண்கள் விஷயம்" என்று ஒரு வரி.

4

சங்கக் கமிட்டியில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். அதைப் பற்றி மாடியில் நீண்ட விவாதம் நடந்தது. விவாதத்தை எழுதப்போவதில்லை, நீங்கள் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் அதைக் கேட்டிருப்பீர்கள். முடிவில் சீனி முகம்மது எழுந்து நவமணியை முன்மொழிந்தார். தலைவரின் சம்சாரம், நம்ம வீட்டுப் பிள்ளை, அடக்கமானவள் என்றார். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டினார்கள். பிறகு அவளைக் கீழே போய் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கி வரச் சொன்னார்கள்.

சங்கத்தின் விதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏதோ துரைமார் விளையாட்டு மன்றம் ஒன்றின் விதிகளைச் சீனி முகம்மது அப்படியே தமிழாக்கியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் பந்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதிகூட உள்ளே இருந்தது. ஒரு விதியை மட்டும் அவர்களே சொந்தமாகச் சேர்த்திருந்தார்கள். ஆரம்பக் கூட்டங்களில் ஆளுக்கு ஆள் சாடை பேசி அடிதடி வரை போயிருந்தது. "சில பேரு இருக்காங்க", "ஒருத்தரு பண்றது எனக்குத் தெரியும்" என்கிற வகைப் பேச்சு. ஆகவே, பதவியில் இருப்பவர்மேல் குறை சொல்வதென்றால் கமிட்டி உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று, அவருடைய பெயரைச் சபை கேட்கும்படி சொல்ல வேண்டும். சாடை செல்லாது.

நல்ல விதிதான். நானே பாராட்டுகிறேன்.

ஆனால் நவமணி தன் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும். நாகூரில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அவருக்குப் பக்கிரிசாமி என்று பெயர். வியாழக்கிழமை சூலியா தெருவில் கொட்டடித்துக்கொண்டு வருகிற பக்கிரியைக்கூட நவமணி "பச்சைத் தலைப்பாக்காரரு" என்றுதான் சொல்வாள்.

இங்கே எனக்கு ஒரு சபலம். சீனி முகம்மது இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவளை உள்ளே கொண்டுவந்தார், தலைவரைக் குறை சொல்லவே முடியாத ஒரே பெண்ணைத் தேடிப் பிடித்தார் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவர் கறுப்புக் கண்ணாடி போடாத குறை. கிழித்துவிட்டேன். சூழ்ச்சிக்கு மூளை வேண்டும். புருஷனுக்கு எதிராக ஒரு பெண் எழுந்து நிற்பாள் என்பது அவர் மண்டையில் ஏறியிருக்கவே இருக்காது, அவ்வளவுதான் விஷயம்.

5

நிர்வாகம் இறங்கி வந்தது. சுமை தூக்குகிறவர்களுக்குக் கூலி உயரும். சோதனை தொடரும், சரக்கைக் காப்பது கிட்டங்கியின் உரிமை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சங்கம் சரி சொன்னால் திங்கள் காலை எல்லாரும் வேலைக்குப் போகலாம்.

நிர்வாகத்தோடு பேச்சு முடிந்த அன்று மத்தியானம் பக்கிரிசாமி நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தார். நவமணி சோறு போட்டாள். நிர்வாகம் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசியதை முதலில் சொன்னார். கூலி உயர்வைச் சொன்னார். அவள் கேட்காததால் அவரே மற்றதையும் சொன்னார்.

"மண்டோர்கிட்ட நான் தனியா பேசிட்டேன். இனிமே மெதுவா சோதிப்பான்."

நவமணி கரண்டியை வைத்தாள். "மெதுவான்னா எப்படிங்க?"

அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

[இந்த இடத்தில் அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. குடிக்கவைக்கலாம், அவளை ஓர் அடி அடிக்கவைக்கலாம். மலர்க் கதைக்கு அதுதான் வழக்கம். ஆனால் பக்கிரிசாமி அவள்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து தானே குழம்பு வைப்பார். இவ்வளவு நல்ல மனிதருக்கு அந்த "மெதுவா" ஏன் புரியவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்துவிட்டது.]

6

ஆலோசகர் அழைத்தார். கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தலைவர் பாத்திரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட முடியுமா என்றார். ஏற்கெனவே நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன் என்றேன்.

7

இனி நவமணி. இவளை நான் சந்தேகிக்கிறேன்.

நூர்ஜான் அவளிடம் வந்து அழவில்லை, கெஞ்சவில்லை. "அக்கா, திங்கக்கெழம நான் வேலைக்குப் போயித்தான் ஆவணும். அவன் கை என் மடிக்குத்தான் மொதல்ல வரும்" என்று மட்டும் சொன்னாள். கமிட்டியில் இருப்பவள் நீ ஒருத்திதான், நீ எழுந்து தலைவர்மேல் நம்பிக்கையில்லை என்று சொன்னால் கூட்டம் மாற வழியுண்டு என்றாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நவமணி வீறுகொண்டு எழ வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். மூடப்பழக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும். உங்களுக்கு என்ன, நீங்கள் உங்கள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது. அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். ஊரில் நவமணியின் அக்கா காய்ச்சல் வேகத்தில் புருஷன் பெயரைச் சொல்லி உளறிவிட்டாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவனை வாய்க்கால் கொண்டுபோய்விட்டது. நவமணிக்கு அது கதையல்ல. வெள்ளைச் சேலையில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினாள்.

அவளுடைய பயத்தை நான் எடுத்துப் பார்த்தேன். எடுத்ததும் அவள் மேடைப் பேச்சாளர் மாதிரி ஆகிவிட்டாள். திரும்ப வைத்துவிட்டேன். ஆக, அவள் கணக்கில் விஷயம் இவ்வளவுதான்: வாயைத் திறந்தால் புருஷன் உயிர், மூடினால் நூர்ஜானின் மடி, தன் மடி, அந்த வரிசையில் உட்கார்கிற எல்லார் மடியும். பக்கிரிசாமிமேல் அவளுக்கு ஆசை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருக்கிறது. இதை மறைக்க மாட்டேன்.

8

ஞாயிறு பிற்பகல், மாடி நிறைய ஆண்கள். நாற்காலிகள் மெம்பர்களுக்கு என்பதால் பெண்கள் படிக்கட்டில் நின்றார்கள்; கமிட்டி என்பதால் நவமணிக்கு மட்டும் உள்ளே ஓர் ஓரத்தில் இடம். சீனி முகம்மது சமத்துவத்தைப் பற்றிப் பேசி முடித்து, நிர்வாகத்தின் முடிவை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று வழக்கத்துக்காகக் கேட்டார். நவமணி எழுந்தாள். தேத்தண்ணீர் வாங்கத்தான் எழுந்தாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதில் சீனி குறைக்கச் சொன்னார்.

"தலைவருமேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள்.

சீனி முகம்மது சிரித்துக்கொண்டே விதியை எடுத்துச் சொன்னார். பெயர் சொல்ல வேண்டும்.

"எங்க வீட்டுக்காரரு."

"சங்கத்துல வீட்டுக்காரர்னு யாரும் இல்ல தங்கச்சி. அது சாடை. பேரைச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சங்கடமாகச் சிரித்தார். படிக்கட்டிலிருந்து நூர்ஜான் அவர் பெயரை உரக்கச் சொன்னாள். மற்றப் பெண்களும் சொன்னார்கள். செல்லாது, அவர்கள் கமிட்டி இல்லை, மெம்பரும் இல்லை என்று சீனி முகம்மது கையை அசைத்தார்.

முடிவு அ: நவமணி இடி முழக்கம் போலப் பெயரைச் சொல்கிறாள். சபை எழுந்து கைதட்டுகிறது. பக்கிரிசாமி கண்ணீரோடு பதவியை அவளிடம் ஒப்படைக்கிறார். மகளிர் தலைமைத்துவம் மலர்—

[எழுதி முடித்து வாசித்தபோது அந்தக் கைதட்டல் எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த ஆண்கள் எப்போது எழுந்தார்கள்? யார் எழுப்பினார்கள்?]

முடிவு ஆ: நவமணி எதுவும் பேசாமல் உட்கார்கிறாள். வெளியே மழை பிடிக்கிறது. அவளுடைய மௌனம்—

[இது இலக்கியப் பத்திரிகைக்கு ஆகும். பெண் வாயடைத்துப்போனால் அங்கே அதற்குத் தனி மரியாதை.]

இரண்டையும் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் சீனி முகம்மதுவைப் பார்க்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஏங்க, நீங்களே உங்க பேரைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா நான் சொல்ல வேண்டியதில்ல."

உண்மையாகவே கெஞ்சினாள். ஒரு வார்த்தை. அவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்த மாடியில் அவர் பெயரைச் சொல்லத் தடையில்லாமல், சொன்னால் செல்லவும் கூடியவர்கள் எல்லாரும் ஆண்கள், அவர்களில் முதல் ஆள் அவர். பக்கிரிசாமி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

நவமணி தாலியைச் சேலைக்கு மேலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கிரிசாமி" என்றாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், விழப்போகிறாரா என்று. சமத்துவம் பேசிய சீனி முகம்மது பாதி எழுந்துவிட்டார். பக்கிரிசாமியே தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். நவமணி அவர் குடித்து முடித்து மூச்சு விடுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அப்புறம்தான் மீதியைச் சொன்னாள்.

"பக்கிரிசாமி மேல நம்பிக்கை இல்ல. மண்டோர் கைய எடுக்காம இந்தச் சங்கம் சரி சொல்லக் கூடாது."

9

இத்தோடு முடித்திருந்தால் ஆலோசகர் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார். ஆனால் சீனி முகம்மது விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, தீர்மானம் முன்மொழியப்பட்டதாகச் சொன்னார். அதை ஒரு மெம்பர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் விழுந்துவிடும்.

"வழிமொழியறது யாரு?"

படிக்கட்டில் எல்லாக் கையும் உயர்ந்தது. அதில் ஒன்றும் செல்லாது.

உள்ளே ஒரு கையும் உயரவில்லை. நான் தேடினேன், சத்தியமாகத் தேடினேன். இது என் கதை, ஒரு நல்ல ஆணை நான் உண்டாக்கிவிடலாம். ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர் மனைவி அந்த வரிசையில் உட்கார்ந்து பாக்கு வெட்டுகிறாள். அவர் மகள் வெட்டுகிறாள். இன்னொருவருடைய தாய். உயரப்போகிற மாதிரி இருந்த கைகளெல்லாம் பாதியில் தலையைச் சொறிந்துவிட்டு மடிக்குத் திரும்பின. அப்படி ஓர் ஆணை நான் எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மலர் குடும்பங்களுக்குப் போகிறது.

நவமணி உட்காரவில்லை. சபையை ஒருமுறை பார்த்தாள்.

"நான் என் புருஷன் உசிரையே வெச்சுட்டேன். நீங்க என்ன வெக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

ஆலோசகர் மறுபடி அழைத்தார், முடிவு எங்கே என்று. எழுதவில்லை என்றேன். அச்சுக்குப் போக வேண்டுமே என்றார். போகட்டும் என்றேன். அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். சந்தா கட்டியாகிவிட்டது, நீங்கள் மெம்பர். ஆணா பெண்ணா என்று சீனி முகம்மது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், அவள்மேல் இரக்கம்கூடப் பட்டிருப்பீர்கள். இரக்கம் அந்த மாடியில் எல்லாரும்தான் பட்டார்கள்.

வழிமொழிவது யார் என்று சீனி முகம்மது இரண்டாம் முறையாகக் கேட்கிறார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். நாளை திங்கட்கிழமை, நூர்ஜான் வேலைக்குப் போக வேண்டும். நவமணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், உங்களைத்தான் பார்க்கிறாள்.